பிள்ளைக்குத் தெரபி, பெற்றவளுக்கு?

பெருமூளை வாதம் கடுமையாக உள்ள ஒரு பிள்ளைக்கு ஒரு வேளை சோறூட்டுவதை எடுத்துக்கொள்வோம். தலை பின்னுக்குச் சாயாமல் ஒரு கையால் தாங்க வேண்டும். குழைய மசித்த சோற்றைத் துளித்துளியாக நாக்கில் வைத்து, விழுங்கியாயிற்றா என்று தொண்டையைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். புரையேறினால் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஒரு வேளைக்கே ஒரு மணி நேரம் போய்விடும். இதற்கு மேல், தெரபிஸ்ட் வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சிகள், இரவில் விட்டுவிட்டு வரும் தூக்கம். பிள்ளை வளர வளர, தூக்கிக் குளிப்பாட்டும் அம்மாவின் இடுப்பும் தேய்கிறது. இப்படி ஒரு தாயிடம் எல்லோரும் சொல்வது, "தைரியமா இரும்மா". தைரியம் அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. நேரமும் மாற்றிவிட இன்னொரு ஆளும்தான் இல்லை. பெற்றோரின் மனநலம் பற்றிய பேச்சு இந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

இதற்கு ஆதாரம் உண்டு. நாள்பட்ட நோயுள்ள பிள்ளைகளைப் பராமரிக்கும் தாய்மாரையும் ஆரோக்கியமான பிள்ளைகளின் தாய்மாரையும் சேர்த்து 58 பேரை ஆராய்ந்து, 2004-இல் ஆய்வாளர்கள் எலிசா எப்பெல், எலிசபெத் பிளாக்பர்ன் குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். குரோமோசோம்களின் நுனியில் உள்ள டெலோமியர்கள் வயதாக ஆகக் குறுகுபவை, அவற்றைத்தான் அளந்தார்கள். இரு தரப்பையும் மொத்தமாக ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால், பராமரித்த ஆண்டுகள் கூடக் கூட டெலோமியர்கள் குறுகியிருந்தன. தாங்க முடியாத அழுத்தத்தில் இருப்பதாகச் சொன்ன தாய்மாரின் செல்கள், அழுத்தம் குறைந்தவர்களுடையதைவிடப் பத்தாண்டாவது கூடுதலாக மூப்படைந்த நிலையில் இருந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அது காட்டும் திசை முக்கியம்: பிள்ளைக்குக் குறைபாடு இருப்பதாலேயே தாய் நொடிந்துபோவதில்லை, அவள் எவ்வளவு காலம், எந்த நிலைமையில் பராமரிக்கிறாள் என்பதே அவளைப் பாதிக்கிறது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளின் குடும்பங்களை ஆராய்ந்து 2005-இல் வெளியான முடிவும், அன்றாடப் பராமரிப்பின் சுமை, பிள்ளையின் நடத்தைச் சிக்கல்கள், குடும்பத்தின் ஒத்துழைப்பு ஆகியவற்றையே முக்கியக் காரணிகளாகச் சொன்னது.

பெற்றோரின் துயரத்தை இப்படிப் பேசினால் பிள்ளையையே பாரம் என்று சொன்னதாகிவிடாதா என்று மாற்றுத்திறனாளி உரிமைக்காகப் போராடுவோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் சுமை எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாய்தளம் இல்லாத பள்ளி, சக்கர நாற்காலி ஏற முடியாத பேருந்து, விசேஷ வீட்டில் திரும்பிப் பார்க்கும் கண்கள், இவற்றில் எதையும் பிள்ளை கொண்டுவரவில்லை. இவற்றுக்கு மேல் பழி வேறு. தாயின் பாசக் குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்ற கருத்தை அமெரிக்காவில் புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் புத்தகமாகவே எழுதிப் பரப்பினார். அதற்கு மூன்றாண்டு முன்னதாகவே, ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்டு ரிம்லண்ட், அது உடலியல் சார்ந்தது என்று வாதிட்டிருந்தார். அறிவியல் அந்தப் பழியைக் கைவிட்டுவிட்டது. நம் வீடுகள் இன்னும் விடவில்லை. கிரகணத்தில் வெளியே போனாயா, போன ஜென்மத்துப் பாவமா, செல்போனைக் கொடுத்துக் கெடுத்தாயா என்று விசாரணை அம்மாவிடமே நடக்கிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் உதவி கேட்கமாட்டாள்.

பராமரிப்பின் சுமையைச் சட்டம் அறியாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவது பற்றிப் பேசுகிறது. தமிழ்நாடு, கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. மாற்றுத்திறனுள்ள பிள்ளையைப் பராமரிக்கும் தாய்க்கு விடுப்பு மறுக்கப்பட்ட இமாசலப் பிரதேச வழக்கில், பெண்கள் வேலையில் நீடிப்பது சலுகை அல்ல, அரசமைப்பு கோரும் விஷயம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் சொன்னது. மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் 'சமர்த்' திட்டத்தில், பெற்றோர் சற்று ஓய்வெடுக்கப் பிள்ளையைச் சில நாள் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. ஆனால் அப்படிப்பட்ட இடம் ஊருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமே! பெற்றோருக்கான உதவியை ஊர் ஊராகக் கொண்டுபோனால் செலவு கட்டுப்படியாகாது என்பார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் வகுத்த பெற்றோர் பயிற்சி, ஒன்பது குழு அமர்வுகளும் மூன்று வீட்டுச் சந்திப்புகளும் மட்டுமே. சிறப்பு மருத்துவர்கள் இல்லாத ஊரிலும் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்களைக் கொண்டே நடத்தலாம். பராமரிப்பவர் தன்னைக் கவனித்துக்கொள்வதும் அதில் ஒரு பாடம்.

உதவி கிடைத்தாலும், பெற்ற தாயைப் போல யார் பார்ப்பார்கள் என்பதுதான் கடைசித் தடை. பெரும்பாலும் அதைச் சொல்பவள் தாயேதான். பிள்ளையை ஒரு மாலை விட்டுவிட்டுப் போனால்கூட அவளுக்குக் குற்ற உணர்ச்சி. ஆனால் இதே அம்மாக்கள்தான், "எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பா?" என்றும் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். அந்தப் பயத்துக்கான பதில், அவளுக்கு எழுபது வயதாகும்போது தேடத் தொடங்குவதல்ல. பிள்ளைக்கு ஐந்து வயதிலேயே வாரத்தில் ஒரு மாலை அப்பாவும், இன்னொரு மாலை அத்தையோ பயிற்சி பெற்ற பணியாளரோ சோறூட்டிப் பழக்கினால், எந்தப் பக்கம் சாய்த்தால் புரையேறும், எந்த முனகலுக்குத் தண்ணீர் என்பது அம்மாவைத் தவிர இன்னும் இரண்டு மூன்று பேருக்குத் தெரிந்திருக்கும்.