மெய்ப்பாடும் மழலைப் பருவமும்

உள்ளத்தெழும் உணர்ச்சி உடம்பின்கண் வெளிப்பட்டுத் தோன்றுவதை மெய்ப்பாடு என்பர் இலக்கண நூலார். தொல்காப்பியனார் கூறிய எண்வகை மெய்ப்பாட்டுள் அச்சமும் ஒன்று. அஞ்சினார்க்கு உடல் நடுங்கும், வியர்வை அரும்பும், நாக்குழறும். அஞ்சத்தக்க இடத்தும் அச்சம் மெய்யிற் படாத ஒருவனைக் கண்டால் அவனைக் கல்நெஞ்சன் என்போம். யானும் அவ்வாறு கூறியதுண்டு.

ஆசிரியத் தொழிலில் யான் புகுந்த புதிதில் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். எவ்வளவு கடிந்தாலும் அவன் முகம் மாறாது. அதனைத் திமிர் என்றே கொண்டு மேலும் கடிந்தேன். கைக்குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்து, வீடு வீடாக மாறி வளர்ந்தவன் அவன் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

நம் சிறுநீரகங்களின் மேல், தொப்பி கவிழ்த்தாற்போல இரு சுரப்பிகள் உள. இடர் நேருங்கால் அவை மூளையின் ஏவலாற் கோட்டிசோல் என்னும் ஓமோனைக் குருதியிற் கலக்கின்றன. உடல் இடரை எதிர்கொள்ள ஆயத்தமாகின்றது. போதிய அளவு சுரந்ததும் மூளையே அதனை உணர்ந்து தடுக்கும். இவ்வேவலும் தடையும் எவ்வாறு அமையும் என்பதில் குழந்தைப் பருவ அனுபவத்துக்குப் பெரும் பங்குண்டு.

மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்து அறிஞர் மைக்கல் மீனியும் அவர் குழுவினரும் இதனை எலிகளிடத்தே ஆராய்ந்தனர். தாயெலி மிகுதியாக நக்கிப் பேணிய குட்டிகள், வளர்ந்தபின் இடர் நேர்ந்தபோது அளவோடு கலங்கி விரைவில் அமைதியுற்றன. ஏனையவை மிகக் கலங்கின. நன்கு பேணாத தாய் ஈன்ற குட்டியை நன்கு பேணும் தாயிடம் வளரவிட்டபோது அதுவும் அமைதியுடையதாயிற்று. அத்தடைக்குரிய மரபணுவின் மீதுள்ள வேதிக்குறிகளைத் தாயின் பேணல் மாற்றுகின்றது என 2004இல் அவர்கள் காட்டினர்.

எலிக்குக் கண்டது மனிதர்க்கும் ஆகுமோ எனின், ருமேனியாவை நோக்குவாம். அங்கே 1989இல் சௌசெஸ்குவின் ஆட்சி வீழ்ந்தபோது, அரச விடுதிகளில் எடுத்தணைப்பாரின்றிக் கிடந்த பல்லாயிரம் குழந்தைகளின் நிலை உலகுக்குத் தெரியவந்தது. 2000இல் தொடங்கிய ஓர் ஆய்வு, புக்காரெஸ்ட் விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளுட் பாதிப்பேரைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையால் தெரிந்து, வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைத்தது. அவர்கள் ஏறத்தாழப் பன்னிரண்டு வயதை அடைந்தபின், மனத்துக்கு நெருக்கடி தரும் சோதனைகளின்போது உடல் எவ்வாறு இயங்குகின்றது என அளந்தனர். விடுதியில் விடப்பட்டோரிடம் கோட்டிசோலின் எழுச்சி மந்தமாயிருந்தது. இரண்டு வயதுக்கு முன் குடும்பத்தைச் சேர்ந்தோரிடமோ அது இயல்பை ஒத்திருந்தது. இம்முடிவு 2015இல் வெளியாயிற்று.

எலிக்குட்டி மிகக் கலங்கிற்று. விடுதிக் குழந்தையின் உடலோ எழவேண்டிய அளவு எழவில்லை. விளைவு வேறாயினும், அணைக்கும் கை இன்மையே இரண்டிற்கும் மூலம். எனினும் இது மாறாத தலைவிதி அன்று. காலத்தே கிடைத்த அன்பு நிலையைத் திருத்தியதையும் அவ்வாய்வே காட்டுகின்றது.

என் மாணவனின் நிலைக்கு இதுவே காரணம் எனத் துணிந்து கூற எனக்கு உரிமை இல்லை. ஆயினும் முகம் மாறாமை திமிரே என்று அன்று துணிந்தது என் பிழை. அத்தகைய ஒருவன் மீண்டும் என் வகுப்பில் வந்து நிற்பானாயின், கடிவதற்கு முன், “தம்பி, காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்பேன்.