பிள்ளை வாய் திறந்து சொல்லாது

"ரீவிக்குக் கிட்டப் போகாதை, கண் பழுதாப் போகும்!" அம்மம்மா சொன்னது உங்களுக்கும் நினைவிருக்கும். பல நேரம் விஷயம் மறுவளம்: தூரம் மங்கலாகத் தெரிவதால்தான் பிள்ளை கிட்டப் போகிறது.

'சோம்பல் கண்' இன்னும் ஏமாற்றும். ஒரு கண் நன்றாகத் தெரிவதால், மற்றதன் குறை பிள்ளைக்கே தெரியாது. மூளையும் அந்தக் கண்ணைக் கைவிட்டுவிடும். கண்ணாடி போட்டோ, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்தோ அதைப் பழக்கலாம். 7 வயதுக்கு முன் தொடங்கினால் பலன் அதிகம்.

ரொறன்ரோப் பெற்றோருக்குச் செலவு ஒரு சாட்டே இல்லை. 19 வயது வரை ஆண்டுக்கொரு கண் பரிசோதனைக்கு ஓஹிப் பணம் கட்டும். ஜூனியர் கிண்டர்கார்டன் பிள்ளைக்கு, 'ஐ சீ, ஐ லேர்ன்' திட்டத்தில் உள்ள ஒப்டோமெட்ரிஸ்ட்டிடம் போனால், தேவைப்படும் கண்ணாடியும் இலவசம். பிள்ளை சொல்லட்டும் எண்டு காத்திருக்காதீர்கள்.