உடைந்த பாகத்தைக் குப்பையில் போடாதீர்கள்

இருங்காட்டுக்கோட்டையில் உள்ள மெட்ராஸ் சர்வதேசப் பந்தயத் தடத்திலோ, கோவை செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ பந்தய நாளன்று அணிகள் வண்டிகளைத் தயார்செய்யும் பேடாக் பக்கம் நின்றால் இந்தக் காட்சி கண்ணில் படும். ஓர் இளைஞர் வேர்க்க விறுவிறுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். செயின் அறுந்திருக்கும், அல்லது பிஸ்டன் பிடித்திருக்கும். நண்பர்கள் கூடி வண்டியைப் பிரிப்பார்கள். கெட்ட பாகத்தைக் கழற்றி ஓரமாக வீசிவிட்டு, வேறொன்றை மாட்டி அடுத்த சுற்றுக்கு அனுப்புவார்கள்.

வீசி எறிந்த அந்தத் துண்டில்தான் வண்டி ஏன் நின்றது என்பதற்கான விடை இருக்கிறது. விற்றவரிடமும் வேலை பார்த்தவரிடமும் நியாயம் கேட்பதற்கான சாட்சியும் அதுவே. பெரிய அணிகளுக்குப் பின்னால் தொழிற்சாலையும் பொறியாளர்களும் இருக்கிறார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பந்தயம் ஓட்டுபவருக்கு அவரே ஓட்டுநர், அவரே மெக்கானிக், செலவுக்கும் அவரேதான். அவருக்குத் தன் உரிமை தெரிந்திருக்க வேண்டும்.

கோளாறு பட்டறையிலேயே தொடங்குகிறது

பந்தயத்தில் உடையும் பாகங்களில் பல, அதற்கு வெகு முன்பே கெடத் தொடங்கியவை. பிரேக் ஆயிலை எடுத்துக்கொள்வோம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைக்கான தரநிலைப்படி, புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அந்தக் குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். தொடர்ந்து பிரேக் பிடிக்கும் சூட்டில் பழைய ஆயில் கொதித்துக் குமிழி விட்டால், லீவர் கைப்பிடியோடு ஒட்டிவிடும், வண்டி நிற்காது. சாலையில் ஓடும் வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

செயினை அளவுக்கு மீறி இறுக்குவது இன்னொரு தவறு. பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் மேலும் இறுகி, கியர்பாக்ஸ் பேரிங்கைப் பதம் பார்க்கும். அறுந்தால் இன்ஜின் கேஸையே உடைத்துவிடலாம். ஓட்டுபவர் மேலே உட்கார்ந்திருக்கும்போது தளர்வைச் சோதியுங்கள். பழைய டயர் வாங்கினால் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2324 என்றிருந்தால் அது 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது.

பந்தயத்துக்கு முந்தைய வண்டிச் சோதனையில் ஆயில் டிரெயின் போல்ட்டைத் துளையிட்டு லாக் வயர் கட்டச் சொல்வதையும், ரேடியேட்டரில் கூலண்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றச் சொல்வதையும், இன்ஜினுக்கு அடியில் ஆயிலைத் தாங்கும் தட்டு கேட்பதையும் பலர் தொந்தரவாக நினைக்கிறார்கள். உங்கள் வண்டியிலிருந்து சிந்தும் ஆயிலும் கூலண்டும் சாய்த்துவிடுவது உங்களுக்குப் பின்னால் வருகிறவரை. வண்டிச் சோதனை உங்களுக்காக மட்டுமல்ல, அவருக்காகவும் நடக்கிறது.

தடத்தில் வண்டி கைவிட்டால்

முதலில் கிளட்ச்சைப் பிடியுங்கள். ஆக்சிலரேட்டர் ஒட்டிக்கொண்டாலும், இன்ஜின் பிடித்துப் பின் சக்கரம் பூட்டிக்கொண்டாலும் இதுதான் முதல் வேலை. ஆக்சிலரேட்டர் ஒட்டினால் கூடவே கில் சுவிட்ச்சையும் அழுத்துங்கள். வேகம் குறையும்போது இடது கையை உயர்த்துங்கள். கையை எடுக்க முடியாவிட்டால் காலை வெளியே நீட்டுங்கள். பின்னால் வருபவர் அதைப் பார்த்துத்தான் விலக முடியும். திடீரென்று குறுக்கே வெட்டாமல், போகிற திசையிலேயே மெல்ல ஓரம் கட்டுங்கள்.

பிரேக் லீவர் உள்ளே போய்விட்டால் விட்டு விட்டு வேகமாக அமுக்கிப் பாருங்கள். பல நேரங்களில் அழுத்தம் திரும்பும். நேர்ப்பாதையின் முடிவுக்கு முன்பே லீவரை லேசாகத் தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

கறுப்புக் கொடியின் நடுவே ஆரஞ்சு வட்டமும் கூடவே உங்கள் எண்ணும் காட்டப்பட்டால், உங்கள் வண்டியில் ஆபத்தான கோளாறு இருப்பதாக மார்ஷல்கள் சொல்கிறார்கள் என்று பொருள். பிட் வரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். உடனே தடத்தை விட்டு விலகுங்கள். ஆயில் ஒழுகும் வண்டி தடம் முழுவதும் கோடு போட்டுக்கொண்டு போனால் பின்னால் வரும் எல்லோரும் விழுவார்கள்.

உடைந்த பாகம் உங்கள் சாட்சி

கழற்றும் முன் புகைப்படம் எடுங்கள். உடைந்த துண்டுகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு, தேதி, எத்தனை மணி நேரம் ஓடியது, எங்கே வாங்கியது என்று எழுதி வையுங்கள். உடைந்த முகத்தைத் தேய்க்கவோ, வெல்டிங் வைக்கவோ கூடாது. நாள்பட்ட விரிசலால் உடைந்த உலோகத்தில் பெரும்பாலும் சிப்பியின் ஓட்டில் இருப்பது போன்ற வரிகள் தெரியும். ஒரே அடியில் முறிந்ததற்கு அந்த வரிகள் இருக்காது. விவரம் தெரிந்தவர் அந்த முகத்தைப் பார்த்தே பலவற்றைச் சொல்லிவிடுவார்.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. பொருளில் குறை இருக்கிறதா என்பதைச் சோதனையின்றி முடிவு செய்ய முடியாதபோது, நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அனுப்புவதற்குப் பாகம் உங்கள் கையில் இருக்க வேண்டும். கடைக்காரர் 'கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறேன்' என்று கேட்டால், எழுத்தில் ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள்.

சட்டம் எங்கே கை கொடுக்கும், எங்கே கொடுக்காது

சொந்த உபயோகத்துக்குப் பணம் கொடுத்து வாங்கியவர், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். குறையுள்ள பொருளால் காயமோ இழப்போ நேர்ந்தால் தயாரிப்பாளர், விற்பனையாளர், சேவை அளித்தவர் ஆகியோரிடம் இழப்பீடு கோரலாம். கவனிக்க வேண்டிய விதிவிலக்கும் அதே சட்டத்தில் உள்ளது: சேதம் நேர்ந்த வேளையில் பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தாலோ தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ விற்பனையாளர் மீது அந்தக் கோரிக்கை நிற்காது. அதனால் என்ன மாற்றம் செய்தீர்கள், எதைத் தொடவில்லை என்பதைக் குறித்து வைப்பது முக்கியம்.

சாலை வண்டியைப் பந்தயத்தில் ஓட்டினால் வாரண்டி பொதுவாகச் செல்லாது. பந்தயத்துக்கென்றே விளம்பரப்படுத்தி விற்ற டயர், சூட், ஹெல்மெட் போன்றவற்றுக்கு அந்தச் சாக்கைச் சொல்வது நியாயமாகாது. விளம்பரத்தின் படத்தைப் பத்திரப்படுத்துங்கள். டூப்ளிகேட் பொருளுக்கு எதிரான முதல் கேடயம் பில். லேத் பட்டறையிலும் மெக்கானிக் கடையிலும் வேலை விவரம் எழுதிய பில் கேளுங்கள். அரைகுறை வேலையும் சேவைக் குறைபாடுதான்.

வாடகை வண்டியோ, ஏற்பாட்டாளர் தரும் வண்டியோ என்றால் ஏறும் முன் சோதியுங்கள். பிரேக்கிலோ டயரிலோ சந்தேகம் இருந்தால் ஓட்ட மறுத்து, அதை எழுத்தில் கொடுங்கள். பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டதாலேயே எல்லா உரிமையும் போய்விட்டது என்று ஒதுங்கிவிடாதீர்கள். நுகர்வோருக்கு நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளைச் செல்லாதென அறிவிக்க மாநில ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனாலும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், நகல் வாங்குங்கள்.

காப்பீட்டில் கவனம்

வழக்கமான வாகனக் காப்பீடு, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது. மருத்துவக் காப்பீட்டின் பொது விலக்கு வாசகமோ, மோட்டார் பந்தயத்தில் 'தொழில்முறையாக'ப் பங்கேற்பவரைத்தான் குறிக்கிறது. அமெச்சூர் ஓட்டுநருக்கு இந்த ஒரு சொல் பெரிய வேறுபாடு. உங்கள் பாலிசியில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பந்தயத்துக்கு முன்பே பாருங்கள். கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டு, தீர்வு இல்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

எங்கே முறையிடுவது

கடைக்காரருக்கும் தயாரிப்பாளருக்கும் முதலில் எழுத்தில் புகார் அனுப்புங்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும்.

பந்தய முடிவு குறித்த ஆட்சேபம் வேறு வழி. அதை நிகழ்ச்சியின் துணை விதிகள் சொல்லும் குறுகிய நேரத்துக்குள், கட்டணத்துடன் எழுதிக் கொடுக்க வேண்டும். பந்தயத்துக்கு முதல் நாள் இரவே அந்த விதிகளைப் படித்துவிடுங்கள்.

பழுது பார்த்த வண்டியைச் சோதிக்கிறேன் என்று பொதுச் சாலையில் விரட்டாதீர்கள். அனுமதியின்றிச் சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அங்கே எதிரே வருபவர் எந்தப் படிவத்திலும் கையெழுத்திட்டவர் அல்லர்.

அடுத்த முறை பந்தயத்துக்குக் கிளம்பும்போது கருவிப் பெட்டியில் மூன்று பொருள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு நோட்டு, ஒரு பேனா, உடைந்ததைப் போட்டு வைக்க ஒரு பை.