ஈரக்காற்றும் குதிரையின் வியர்வையும்

திருவனந்தபுரத்தில், தம்பானூரிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள கண்ணேற்றுமுக்கில், கேரளக் காவல்துறையின் குதிரைப் பிரிவு இயங்கி வருகிறது. வறண்ட வடமேற்கு இந்தியாவில் வளர்ந்த குதிரையை இத்தகைய கடலோர நகரத்துக்குக் கொண்டுவருவோர் முதலில் அறிய வேண்டுவது யாதெனில், இங்கு வெப்பத்தினும் காற்றின் ஈரமே பெரும்பகை என்பதாகும்.

குதிரை தன் உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் வியர்வையாலேயே தணித்துக்கொள்கிறது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரம் மிகுந்த காற்றில் அது ஆவியாகாமல் வீணே வழிந்தோடும். உடலின் உப்பும் உடன் கழியும். நாளடைவில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே குறைந்து நின்றுவிடுகிறது. வேலைக்குப் பின்னும் தோல் உலர்ந்திருத்தல், நெடுநேரம் மூச்சிரைத்தல் ஆகியன இந்நோயின் அறிகுறிகள்.

இத்துன்பம் புதிதன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல்வழி வந்த குதிரைகள் பேணத் தெரிந்தோர் இன்மையால் மடிந்ததைக் குறித்துள்ளார்.

புதிதாக வந்த குதிரைக்கு இரண்டு மூன்று வாரங்கள் இலேசான வேலையே தருதல் வேண்டும். அதனையும் விடியற்காலையில் முடித்துவிடுவது நலம். காற்றோட்டமுள்ள கொட்டில், உப்பு, தூய நீர் ஆகியன எப்போதும் தேவை. மழைக்காலத்தில் பூசணம் பிடித்த புல்லை அகற்றிக் குளம்புகளை நாள்தோறும் துடைத்து உலர்த்த வேண்டும். சூடேறிய குதிரைமீது குளிர்ந்த நீர் ஊற்றலாகாது என்பது பழைய நம்பிக்கை. அவ்வாறு ஊற்றுவதே வெப்பத்தை விரைவில் தணிக்கும் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வியர்வை நின்ற குதிரையைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட ஒரு நாளும் தாமதிக்கலாகாது.