பந்தி போடும் பழைய டிஸ்க்

வாசகர் ஒருவர் கேட்கிறார்: “2004இல் வாங்கிய கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மகள் காதுகுத்துப் படங்கள் அதில்தான். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பி அடாப்டர் விற்கிறார்கள். ‘மின்னல் வேகம், 5 ஜிபிபிஎஸ், டேட்டா ரெக்கவரி’ என்று போட்டிருக்கிறது. நம்பி வாங்கலாமா?”

வாங்கலாம், விளம்பரத்தை நம்பாமல். டிஸ்கின் பின்புறம் இரண்டு வரிசையாகப் பின்கள் நின்று, நடுவில் ஒன்று மட்டும் பல் விழுந்தாற்போல் இல்லாதிருந்தால் அது ஐடிஇ வகை. கேபிளைத் தலைகீழாகச் செருகிவிடாதபடி வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. இந்த வகையின் உச்ச வேகமே நொடிக்கு 133 மெகாபைட். சுழலும் தட்டு அதில் பாதி கொடுத்தாலே பெரிது. 5 ஜிபிபிஎஸ் என்பது கேபிளின் மறுமுனையின் பெருமை. டிஸ்குக்கு அதில் பங்கில்லை.

விளம்பரத்தில் ஒரு வரிகூட வராத வேலை ஒன்று அந்தச் சின்னப் பெட்டிக்குள் நடக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

ஐடிஇ டிஸ்க் 16 கம்பிகளில் 16 பிட்களை ஒரே நேரத்தில் அனுப்பும். கல்யாணப் பந்திதான். எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும், சேர்ந்து எழ வேண்டும். 15 பேர் மோர்சாதத்தை முடித்துவிட்டாலும், ஒரு தாத்தா பாயசத்தை நிதானமாக வழித்துக்கொண்டிருந்தால் அடுத்த பந்தி காத்துக்கிடக்க வேண்டியதுதான். 133 மெகாபைட் வேகத்தில் ஒரு பந்திக்குக் கிடைக்கும் நேரம் 15 நானோநொடி. கம்பிக்குக் கம்பி இருக்கும் நுண்ணிய வேறுபாட்டால் சில பிட்கள் முந்தும், சில பிந்தும். வேகத்தைக் கூட்டக்கூட தாத்தாவின் அவகாசம் சுருங்கும். இந்தக் கேபிளை 18 அங்குலத்துக்கு மேல் நீட்டக்கூடாது என்ற விதிக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. நெருங்கி ஓடும் கம்பிகளில் ஒன்றின் துடிப்பு அடுத்ததில் கசியும். யாரும் கேட்காமலேயே பக்கத்து இலைக்குப் பாயசம். வேகம் நொடிக்கு 66 மெகாபைட்டை எட்டியபோது பொறியாளர்கள் செய்த வைத்தியம் வேடிக்கையானது: இரண்டு இலைகளுக்கு நடுவே ஆளில்லாத ஓர் இலை. பின்கள் அதே 40தான். கேபிளில் மட்டும் கம்பிகள் 80. கூடுதல் 40ம் வெறும் கிரவுண்ட், சிந்துவதை வாங்கிக்கொள்வதற்காக. உவமையை இழுத்தது போதும் என்று தெரிகிறது. பந்தியை விட்டு எழத்தான் மனமில்லை.

இந்தப் பந்தியை அடாப்டர் யுஎஸ்பிக்கு ஏற்றபடி வரிசையாக்க வேண்டும். யுஎஸ்பி 2.0இல் பந்தி கிடையாது. ஒரே ஜோடிக் கம்பியில் பிட்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஒன்றில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும்; பெறும் முனை வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். வெளி இரைச்சல் இரண்டையும் ஒரே மாதிரி தாக்குவதால் வித்தியாசம் கெடாது. ஆனால் தாளம் போடத் தனிக் கம்பி இல்லையே, ஒரு பிட் எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? சமிக்ஞை மாறும் கணங்களை வைத்துத்தான். பூஜ்யம் என்றால் மாறும், ஒன்று என்றால் மாறாது. ஒன்றுகளே வரிசையாக வந்தால் பெறுபவருக்குக் கணக்கு தவறிவிடும். ஆகவே ஆறு ஒன்றுகள் தொடர்ந்ததும் அனுப்பும் சிப் ஒரு பூஜ்யத்தைத் தானே செருகும். எதிர்முனை எண்ணிப் பார்த்து அதை எடுத்து எறியும். காதுகுத்துப் படத்தில் இல்லாத பிட்கள் வழியில் ஏறிக்கொண்டு, படத்துக்குள் நுழையாமலே இறங்கிவிடுகின்றன!

அடாப்டரின் சிப் பந்தியை வரிசையாக்குவதோடு நிற்பதில்லை. யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டர் அனுப்புவது ஸ்கஸி என்ற மொழியில் கட்டளை. டிஸ்குக்குத் தெரிந்தது ஐடிஇயின் மொழியான ஏடிஏ மட்டும். ஒவ்வொரு கட்டளையையும் மாற்றிக் கொடுப்பதும் அதே சிப்தான்.

வரலாறு கேட்பவர்களுக்கு: ஏடிஏவில் உள்ள ‘ஏடி’ 1984இல் வந்த ஐபிஎம் பிசி/ஏடியின் மிச்சம். 1980களின் நடுவில் வெஸ்டர்ன் டிஜிட்டல், கன்ட்ரோல் டேட்டா, காம்பாக் மூன்றும் சேர்ந்து ஐடிஇயைக் கொண்டுவந்தன. 2003 வாக்கில் சாட்டா வந்து அதை ஓரங்கட்டியது. போதும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது மின்சாரம். யுஎஸ்பி 2.0 தருவது 5 வோல்ட். மேசைக் கம்ப்யூட்டரின் 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும். தனி பவர் அடாப்டர் கூட வராத பொருளை வாங்கினால் டிஸ்க் சுற்றவே சுற்றாது. லேப்டாப்பின் 44 பின் டிஸ்குக்கு 5 வோல்ட் போதும். டிஸ்கின் பின்களில் மாட்டும் சின்னச் செருகியான ஜம்பரை ‘மாஸ்டர்’ நிலையில் வையுங்கள். ‘ஸ்லேவ்’ நிலையில் உள்ள டிஸ்க் பல அடாப்டர்களின் கண்ணில் படாது.

‘டேட்டா ரெக்கவரி’ என்பது சுத்த அளப்பு. அடாப்டர் இணைக்கும், பழுது பார்க்காது. டிஸ்கிலிருந்து ‘டக்... டக்...’ என்று சீராகச் சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். ஓடவிட்டால் ஹெட் தட்டை உரசி மிச்சத்தையும் சுரண்டிவிடக்கூடும். சத்தமில்லாமல் சுற்றி, விண்டோஸ் மட்டும் ‘ஃபார்மட் செய்யட்டுமா?’ என்று கேட்டால் கேன்சலை அழுத்திவிட்டு, ஜம்பரையும் கேபிளையும் இன்னொரு முறை பாருங்கள்.