மெய்நிகர் விளையாட்டுகளில் முன்னிலை, சுட்டு, வேற்றுமை: சிறு உருவாக்குநர்க்கான தமிழ் உரையாடல்

0. முன்னுரை

தலையில் அணியும் காட்சிக் கருவியின் வழியே, ஆடுபவர் தாமே ஒரு கற்பனை இடத்தினுள் நிற்பதாக உணருமாறு அமைக்கப்படும் கணினி விளையாட்டு மெய்நிகர் விளையாட்டு எனப்படும். இத்துறையில் பெருநிறுவனங்களோடு இரண்டு மூன்று பேர் கொண்ட குழுக்களும் இயங்கிவருகின்றன. பிராகு நகரில் ஒரு சிறு குழு உருவாக்கிய பீட் சேபர் 2018 மே மாதம் முன்னோட்டப் பதிப்பாக வெளிவந்தது. மறு ஆண்டே ஃபேஸ்புக் நிறுவனம் அக்குழுவை வாங்கிக்கொண்டது. இசைக்கேற்ப வண்ணக் கட்டைகளை வெட்டுவதே இவ்வாட்டம்; இதில் உரையாடல் இல்லை. மொழியைத் தவிர்ப்பது சிறு குழுவுக்குச் சிக்கனமாக அமைந்துவிடுகிறது.

தமிழ் வாழ்வைப் பொருளாகக் கொள்ளும் விளையாட்டுக்கு ஆடுவோர் உளரா என்னும் ஐயத்தை, டொராண்டோவின் விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்ட வெண்பா நீக்கியது. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் கதையைச் சமையல் வழியே கூறும் இது, 2024இல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. இது மெய்நிகர் விளையாட்டு அன்று. மெய்நிகர் வெளியில் பாத்திரங்கள் ஆடுபவரை நேர்நின்று தமிழில் விளிக்கும்பொழுது எழும் இலக்கணச் சிக்கல்களையும், சிறு குழுவுக்கு இயலும் தீர்வுகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. எடுத்துக்காட்டுக் காட்சி

கொச்சியின் வைட்டிலாவை ஒரு காட்சியாகக் கொள்வோம். 2011இல் திறக்கப்பட்ட போக்குவரத்து மையமும், 2019இல் வந்த மெட்ரோ நிலையமும், 2023இல் காக்கநாட்டுக்குத் தொடங்கிய நீர்வழி மெட்ரோவும் இங்கு அருகருகே அமைந்துள்ளன. மட்டாஞ்சேரி முதலிய பகுதிகளில் மலையாளம், தமிழ், கொங்கணி, குசராத்தி பேசுவோர் பல தலைமுறைகளாக வாழும் நகரம் இது. சிறு குழு ஒன்று இவ்விடத்தை மெய்நிகராக அமைத்து, பயணி ஒருவர் வழி கேட்டுப் படகுத்துறையை அடைவதை ஆட்டமாக்குகிறது என்றும், மூல உரையாடல் மலையாளத்தில் எழுதப்பட்டது என்றும் கொள்வோம். அதனைத் தமிழாக்கும்பொழுது நேர்வனவே கீழ்வரும் சிக்கல்கள்.

2. முன்னிலை

மலையாள வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டுவதில்லை. ‘ஞான் வந்நு’, ‘நீ வந்நு’, ‘அவள் வந்நு’ ஆகிய மூன்றிலும் வினை ஒன்றே. எனவே மூலத்தில்,

(1) எப்போள் வந்நு?

என ஒரே தொடரை எழுதி எல்லா ஆட்டக்காரர்க்கும் வழங்கிவிடலாம். மரியாதை வேறுபாடு மலையாளத்திலும் உண்டு. ஆயின் அது பெயரிலும் விளியிலும் அமைவது. தமிழிலோ,

(2) எப்போது வந்தாய்?
(3) எப்போது வந்தீர்கள்?

என வினைமுற்றே உறவைச் சொல்லிவிடுகிறது. ஆட்டக்காரர் பன்னிரண்டு வயதுச் சிறுமியோ அறுபது வயதுப் பெரியவரோ என்பதை அறியாமல் இத்தொடரை மொழிபெயர்த்தல் இயலாது. ஒரு பாத்திரம் மற்றொன்றிடம் ஆட்டக்காரரைப் பற்றிப் பேசுமாயின், ‘கேட்டான், கேட்டாள், கேட்டார்’ என மூன்று வடிவங்கள் தேவைப்படும். ஒவ்வொரு வடிவத்துக்கும் குரல்பதிவு வேண்டும் என்பதால் செலவும் பெருகும்.

இதற்கு எளிய வழி ‘இங்கே படகு ஏறலாம்’, ‘சீட்டு வாங்க வேண்டும்’ என இடமும் பாலும் காட்டாத தொடர்களைக் கையாள்வதாகும். ஆயினும் எல்லாத் தொடர்களும் இவ்வாறு அமையின் பேச்சு அறிவிப்புப் பலகையின் நடையை அடைந்துவிடும். எதிரில் நிற்கும் பாட்டி பாட்டியாக இரார். ஆகவே, செய்தி கூறும் தொடர்களில் இவ்வழியையும், உறவு புலப்பட வேண்டிய தொடர்களில் இருவகை வினைமுற்றுகளையும் மேற்கொள்ளலே தகும். தொடக்கத்தில் ஆட்டக்காரரிடம் பாலை மட்டும் வினவுவது போதாது. ‘தம்பி, பாப்பா, அண்ணா, அக்கா, ஐயா, அம்மா’ என்பவற்றுள் தமக்குரிய விளியைத் தெரிவு செய்யுமாறு கேட்பின், பாலும் மரியாதையும் ஒருங்கே கிடைத்துவிடும்.

3. சுட்டும் இயக்க வினைகளும்

தட்டைத் திரையில் ஆடுபவர் வெளியே இருக்கிறார். மெய்நிகர் வெளியில் அவர் பொருளின் அருகிலோ தொலைவிலோ நிற்கிறார். பயணச்சீட்டு ஆட்டக்காரரின் கையில் இருப்பின், எதிரில் நிற்கும் ஊழியர் ‘அதைக் காட்டுங்கள்’ என்பார். தம் கையில் வாங்கிய பின் ‘இது நேற்றைய சீட்டு’ என்பார். யாழ்ப்பாணத் தமிழில் கேட்பவர் அருகிலுள்ள பொருளுக்கு ‘உது’ என்னும் மூன்றாம் சுட்டும் உண்டு.

செல், வா, தா, கொடு என்னும் வினைகளைத் தொல்காப்பியம் இடத்தோடு இயைத்து விளக்குகிறது. தருதலும் வருதலும் தன்மை, முன்னிலைக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும் உரியன என்பது சொல்லதிகாரத்தின் கருத்து. ‘எனக்குத் தாருங்கள்’, ‘அவருக்குக் கொடுங்கள்’ என்னும் இக்கால வழக்கிலும் இவ்வேறுபாடு பெரிதும் காணப்படுகிறது. பேசுபவர், கேட்பவர், பொருள் ஆகிய மூன்றின் இடத்தையும் மெய்நிகர் விளையாட்டின் நிரல் எப்போதும் அறிந்திருக்கிறது. எனவே ‘இது’, ‘அது’ என்னும் தெரிவைத் தொலைவளவைக் கொண்டு நிரலே செய்துகொள்ளலாம். மொழிபெயர்ப்பாளர் இரு வடிவங்களையும் எழுதித்தந்தால் போதும்.

ஆனால் மொழிபெயர்ப்பாளர் கைக்கு வருவது பெரும்பாலும் காட்சியின்றி வரிசையாக அடுக்கப்பட்ட தொடர்ப்பட்டியலே. யார், யாரிடம், எங்கு நின்று கூறுகிறார் என்னும் குறிப்பு இல்லாத பட்டியலிலிருந்து நல்ல தமிழை எதிர்பார்த்தல் முறையன்று.

4. வேற்றுமையும் எழுத்துருவும்

நிரலாளர் ஒரே தொடரில் வெற்றிடம் விட்டுப் பல பெயர்களை இட்டு நிரப்புவது வழக்கம். தமிழில் ‘–ஐ எடுங்கள்’ என ஒரே உருபை ஒட்டுதல் பொருந்தாது. ‘சாவி’ சாவியை எனவும், ‘சீட்டு’ சீட்டை எனவும், ‘படம்’ படத்தை எனவும், ‘சோறு’ சோற்றை எனவும் திரியும். இப்புணர்ச்சியை விதிகளாக நிரலில் எழுதலாம். எனினும் நாற்பது பொருள்களே உள்ள சிறு விளையாட்டில், பொருளொன்றுக்கு நான்கு வேற்றுமை வடிவங்கள் வீதம் 160 சொற்களைக் கையால் எழுதி அட்டவணையாக வைப்பதே எளிதும் பிழையற்றதுமாகும்.

எழுத்துருவில் வேறொரு தடை உண்டு. ஒருங்குறியில் ‘கெ’ என்பது ககர மெய்க்குரிய குறியும் அதன்பின் எகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. காட்சியில் எகரக் குறி முன்னே வர வேண்டும். இவ்வரிசை மாற்றத்தை விளையாட்டுப் பொறி செய்ய வேண்டும். யூனிட்டி பொறியில் பரவலாக வழங்கும் டெக்ஸ்ட்மெஷ் புரோ இதனைத் தானாகச் செய்வதில்லை. 2023இல் வெளிவந்த கோடோ 4.0 செய்கிறது. பழைய காட்சிவரிசை எழுத்துருக்களைக் கொண்டு சமாளிப்போரும் உளர். ஆனால் அவ்வாறு இட்ட உரையில் தேடுதலும் திருத்துதலும் கடினமாகும். ஆதலின் பொறியைத் தெரிவு செய்யுமுன் ‘கொ, கோ, கௌ, கை’ ஆகிய நான்கையும் அதில் இட்டுப் பார்த்தல் நன்று.

5. முடிவுரை

மேற்கூறியவற்றால், தமிழ் உரையாடலைப் பணியின் இறுதியில் ஒட்டப்படும் மொழிபெயர்ப்பாகக் கருதலாகாது என்பது பெறப்படும். விளி, நிற்கும் இடம், வேற்றுமை வடிவம் ஆகியவற்றுக்கான இடத்தை விளையாட்டின் கட்டமைப்பிலேயே ஒதுக்க வேண்டும். பெருநிறுவனங்களில் எழுதுபவரும் நிரலாளரும் வெவ்வேறு துறையினராக இருப்பர். சிறு குழுவிலோ இருவரும் ஒரே மேசையில் அமர்ந்திருப்பர். மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் அம்மேசைக்குத் தொடக்கத்திலேயே அழைக்கப்படின், மெய்நிகர் வெளியில் ஆடுபவரை நோக்கி ‘வாங்க தம்பி, எப்போது வந்தீர்கள்?’ என ஒரு பாத்திரம் தயக்கமின்றிக் கேட்கும். அழைக்கப்படாவிடின், தமிழ் அங்குப் பொருள்களின் பெயர்ச்சீட்டாக மட்டுமே எஞ்சும்.