கண்ணோட்டம்

பல மாநிலத்தவர் கூடி வாழும் நகரம் தில்லி. மெட்ரோ இரயிலில் புதிய முகத்தை ஒருமுறை பார்ப்பது இயல்பு. விடாது உற்றுநோக்குவது பிறரை வருத்தும். வடகிழக்கு மாநிலத்தவர் பலர் தம் தோற்றத்தால் அத்தகைய பார்வைக்கும் கேலிக்கும் ஆளாகின்றனர்.

2014 சனவரியில், அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா தில்லி லஜ்பத் நகருக்குச் சென்றார். அங்குச் சிலர் அவரது தலைமுடியைக் கேலி செய்தனர். அதனால் எழுந்த சண்டையில் தாக்கப்பட்டு அவர் உயிரிழந்தார். பின்னர் நடுவணரசு அமைத்த பெஸ்பரூவா குழு, வடகிழக்கின் வரலாற்றையும் பண்பாட்டையும் பள்ளிகளில் கற்பிக்கப் பரிந்துரைத்தது. அறியாமை நீங்கினால் ஏளனமும் நீங்கும்.

திருக்குறளின் 58ஆம் அதிகாரத்தின் பெயர் ‘கண்ணோட்டம்’. பிறர்மீது கொள்ளும் இரக்கமே கண்ணுக்கு அழகு என்பது வள்ளுவர் கருத்து. கண்கள் எதிர்ப்பட்டால் புன்னகைத்துப் பார்வையை விலக்குதலே நாகரிகம்.